இருநூறு ஆகட்டும்

காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு நான் ஐந்தருவியில் இருந்தேன். சாரல் காலத்தில் புதன்கிழமையும் சனிக்கிழமையும் அங்கே எண்ணெய் தேய்த்துக் குளிப்பது என் வழக்கம். இருபது வருடமாக மாறவில்லை. அன்று 1984 ஆகஸ்ட் எட்டாம் தேதி, புதன்கிழமை.

நீங்கள் கேட்டது இவ்வளவுதான். டாக்டர் ஞானதுரை ஆறு பத்துக்கு என் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார், அப்போது எங்கே இருந்தீர்கள் என்றீர்கள். பதில் சொல்லிவிட்டேன். இத்தோடு எழுந்து போய்விடலாம். விசாரிக்க வந்திருக்கும் மூவரில் ஒருவர் பல் டாக்டர். ஒருவர் கண் டாக்டர். மூன்றாமவர் ஓய்வு பெற்று, காது மந்தமாகி, அதற்குப் பிறகு டாக்டர்கள் சங்கத்துக்குத் தலைவரானவர். சிறுநீரகம் உங்கள் மூவருக்கும் பாடப் புத்தகத்தில் பார்த்த ஒரு படம். ஆனாலும் சொல்கிறேன். தவறான கேள்வியைக் கேட்டுவிட்டு, விஷயம் விளங்கிவிட்டது என்று நீங்கள் திருநெல்வேலிக்கு பஸ் ஏறுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

ரத்தத்தில் கிருமி பரவினால் பலருக்குச் சிறுநீரகம் நின்றுவிடும். தென்காசியில் அப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் பிரசவமான பெண்கள். மீதிப் பேர் காலில் புண்ணோடு வயலில் இறங்கியவர்கள். நின்ற சிறுநீரகம் செத்த சிறுநீரகம் அல்ல. பத்து நாளிலோ இருபது நாளிலோ பலருக்குத் தானாகவே விழித்துக்கொள்ளும். அதுவரை ரத்தத்தில் சேரும் அழுக்கை யாராவது எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பெரிய ஊர்களில் அதற்கு மெஷின் இருக்கிறது. எங்களுக்கு இருந்தது ஒரு ஊசிக்குழாய். தொப்புளுக்குக் கீழே குத்தி, வயிற்றுக்குள் மருந்துத் தண்ணீரை விட்டு, அரை மணி நேரம் வைத்திருந்து வெளியே எடுப்போம். அழுக்கு தண்ணீரோடு வந்துவிடும். மறுபடி விடுவோம். இரண்டு நாள் இப்படி ஓடும். நர்ஸுகள் அதற்கு ‘தண்ணி ஓட்டுறது’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எப்போது ஆரம்பிப்பது? அதுதான் கேள்வி. சீக்கிரம் குத்தினால், தானாக விழித்திருக்கக்கூடிய சிறுநீரகத்துக்காக வயிற்றை வீணாகத் துளைத்து, அந்தத் துளை வழியே புதுக் கிருமியை உள்ளே அனுப்பியவர்கள் ஆவோம். தாமதித்தால் குத்துவதற்கு ஆள் இருக்காது. நான் ஒரு எண் வைத்திருந்தேன். ரத்தத்தில் யூரியா இருநூறு. அதைத் தொட்டால் குத்துவேன். தொடும் வரை காத்திருப்பேன். இது தவறு என்று நிரூபித்தவர் இன்றுவரை இல்லை. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நீங்கள் அவற்றை வாசிப்பதில்லை.

ஞானதுரை என் நர்ஸிங் ஹோமில் சேர்ந்தது எண்பத்திரண்டில். வேலூரில் படித்தவர். நல்ல கை. நோயாளி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஊர் என்ன, பேர் என்ன, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார். அன்பு என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அது நேரத்தை வீணடிப்பதாகத் தோன்றும். எண்ணைப் பார்க்காதே, ஆளைப் பார் என்பது அவருடைய கட்சி. நாடி எப்படி, மூச்சு எப்படி, பாட்டிலில் எத்தனை சொட்டுச் சிறுநீர், ஈ.சி.ஜி. என்ன சொல்கிறது. இவை கெட்டால் யூரியா நூறாக இருந்தாலும் குத்த வேண்டும் என்பார். படிக்கிற காலத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம்.

எண்பத்துநான்கு ஜனவரியில் ஒரு நாள், ரவுண்ட்ஸ் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். இரண்டு நர்ஸுகள் இருந்தார்கள். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவன், என் காபியையே குடித்துக்கொண்டு, என் இருநூறைப் புகழ்ந்துகொண்டிருந்தான். ஞானதுரை தம்ளரைக் கீழே வைத்தார்.

“சார், ஒரு சந்தேகம் கேக்கலாமா?”

“கேளும்.”

“எழுபத்திநாலுல நமக்கு ஊசிக்குழாய் மதுரையிலேருந்து பஸ்ஸுல வரணும்லா? கண்டக்டர் கிட்டச் சொல்லி, அவன் மறந்து, மறுபடி சொல்லி, வந்து சேர மூணு நாள் ஆவும்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அதுக்குள்ள யூரியா இருநூறு ஆயிரும். அப்ப நீங்க காத்துக்கிட்டு இருந்தது கிட்னிக்காகவா சார், பஸ்ஸுக்காகவா?”

பிரதிநிதி சிரித்துவிட்டான். பிறகு டையைச் சரிசெய்துகொண்டான். நர்ஸுகள் சிரிக்கவில்லை. ஆனால் ஒருத்தி சட்டென்று திரும்பிக்கொண்டு மாத்திரை எண்ண ஆரம்பித்தாள்.

நானும் சிரித்தேன். “நல்ல கேள்வி” என்றேன்.

அது நல்ல கேள்விதான். ஏனென்றால் பதில் பஸ் என்பது. எழுபத்துநான்கில் மூன்று நாள் காத்திருந்து பிழைத்த நான்கு பேரை வைத்துத்தான் எனக்கு அந்த எண் கிடைத்தது. அதனால் எண் தவறாகிவிடாது. எங்கிருந்து வந்தது என்பதா முக்கியம்? இருந்தும் பத்து வருடம் ஒருவரும் கேட்காததை, ஒரு பிரதிநிதியின் எதிரில், இருபத்தொன்பது வயதில் ஒருவர் கேட்டார். அன்று மாலையே அவரைக் கூப்பிட்டேன்.

“நீர் சொல்றதுலயும் விஷயம் இருக்கலாம். உமக்கு நம்பிக்கை இருந்தா உம்ம கேஸை நீர் சீக்கிரமே ஆரம்பியும். என் கேஸுக்கு நான் காத்திருக்கேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதுவோம். டாக்டர்கள் சங்கத்து ஆகஸ்ட் மீட்டிங்ல படிப்போம்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “ரொம்ப நன்றி சார்” என்றார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விஞ்ஞானம் என்று நினைத்தார்.

ஆகஸ்ட்டுக்குள் அவர் ஆறு பேருக்கு ஆரம்பித்தார். நான்கு பேர் செத்தார்கள். என் நோட்டில் அதுவரை இருபத்துநான்கு பேர், பிழைத்தவர்கள் பதினேழு. நீங்களே அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து இந்தக் கணக்கைக் கேட்டுக் கைதட்டினீர்கள். இது உன் கேஸ், இது என் கேஸ் என்று பிரித்தது யார் என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. நான் பிரித்தேன். முப்பது வருடம் வாசலில் நின்று பார்த்த கண். மாட்டு வண்டியிலிருந்து இறக்கும்போதே யார் வீட்டுக்குத் திரும்புவார் என்று எனக்குத் தெரியும். திரும்பாதவர்களை அவருக்குக் கொடுத்தேன். என்னிடம் இருந்திருந்தாலும் அவர்கள் எப்படியும் செத்திருப்பார்கள். இரண்டு பேரை அவர் பிழைக்க வைத்தார். அது எனக்கு ஆச்சரியம்தான்.

கூட்டம் ஆகஸ்ட் பத்தொன்பதில். இருபத்தைந்து என்பது பார்க்க முழுமையான எண். இன்னும் ஒரு கேஸ் தேவைப்பட்டது. நான்காம் தேதி சனிக்கிழமை செண்பகவல்லி வந்தாள்.

இலஞ்சிக்காரி. இருபத்துமூன்று வயது. முதல் பிரசவம், வீட்டில். ஆறாம் நாள் குளிர் காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். குழந்தை பெண். நாத்தனார் வீட்டில் விட்டிருந்தார்கள். சிறுநீர் நின்று ஒரு நாள் ஆகியிருந்தது. ஆனால் ரத்த அழுத்தம் நன்றாக இருந்தது, நாக்கில் ஈரம் இருந்தது, கண் தெளிவாக இருந்தது. அவள் திரும்புகிற ஆள். என் கேஸ் என்று எழுதினேன். யூரியா அன்று தொண்ணூற்றுநான்கு. திங்கட்கிழமை நூற்று நாற்பத்தொன்று.

அவள் வாயாடி. காய்ச்சல் இறங்கிய திங்கட்கிழமை காலை, நான் வயிற்றை அமுக்கிப் பார்க்கும்போது சொன்னாள்:

“சாமி, எங்க வீட்டுக்காரரு ஐந்தருவியில ஊருக்கெல்லாம் எண்ண தேய்ச்சு விடுதாரு. மெட்ராஸ்காரன் முதுகு, மலையாளத்தான் முதுகு, ஒண்ணு பாக்கியில்ல. எனக்கு மட்டும் ஒரு நாள் கால் அமுக்குனதில்ல. நீங்க எழுதிக் குடுங்க சாமி, மருந்துச் சீட்டுல. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு.”

நர்ஸ் சிரித்தாள். ஞானதுரையும் சிரித்தார். அவள் கணவன் என்ன வேலை செய்கிறான் என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தத் தகவல் பிறகு உபயோகப்பட்டது.

திங்கட்கிழமை மாலை ரவுண்ட்ஸில் நான் மட்டும் போனேன். அவளுடைய அம்மா கட்டிலுக்கடியில் எதையோ காலால் தள்ளினாள். குழல்வாய்மொழி என்று அந்த அம்மாளுக்குப் பெயர். குனிந்து பார்த்தேன். சீவிய இளநீர்க் காய்கள் நான்கு.

“சின்ன டாக்டர்ட்டச் சொல்லிராதீய சாமி” என்றாள். “அவரு தண்ணியே ரெண்டு தம்ளருக்கு மேல குடுக்கக் கூடாதுங்காரு. நீர் இறங்காத புள்ளைக்கு எளநி குடுக்காம வேற என்னத்தக் குடுப்பாவ? சூடு தணிஞ்சாத்தான இறங்கும்? அவரு சின்ன வயசு, படிச்சிருக்காரு. நீங்க பெரியவிய, உங்களுக்குத் தெரியும்.”

எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் நீர்க்கடுப்பிலிருந்து அம்மை வரைக்கும் எல்லாவற்றுக்கும் இளநீர். அருவிக்குப் போகிற வழியெல்லாம் குலை குலையாகத் தொங்குகிறது. நல்ல பொருள்தான். ஆனால் அதில் பொட்டாசியம் என்று ஓர் உப்பு இருக்கிறது. சிறுநீரகம் நின்ற உடம்பில் அதற்கு வெளியே போக வழி இல்லை. ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய் ஒரு நேரத்தில் இதயத்தை நிறுத்திவிடும். யூரியா எத்தனை என்று அது பார்ப்பதில்லை.

“நான் சொல்ல மாட்டேன்” என்றேன்.

சொல்லவும் இல்லை. நோயாளியின் வீட்டார் நம்பிச் சொல்வதை வெளியில் விடக் கூடாது என்று நாம் எல்லோரும் உறுதிமொழி எடுத்திருக்கிறோம்.

குடிக்காதே என்று நான் ஏன் சொல்லவில்லை என்று பல் டாக்டர் கேட்க வாயெடுக்கிறார். சொன்னால் கேட்கிற ஜாதியா அது? ஞானதுரை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் விளக்கியிருக்கிறார், அந்த அம்மாள் தலையைத் தலையை ஆட்டிவிட்டுக் கட்டிலுக்கடியில் இளநீரை அடுக்கியிருக்கிறாள். அறிவு கெட்டவர்களை அறிவு கெட்டவர்களாகவே விட்டுவிட வேண்டும் என்பது என் எண்ணம். இன்னொன்றும் இருக்கிறது. இளநீரும் குடித்து, ஊசிக்குழாயும் இல்லாமல், இந்தப் பெண் பிழைத்துவிட்டால், இருபத்தைந்தாவது கேஸ் எப்படிப்பட்ட கேஸாக இருக்கும். அதையும் நினைத்தேன். மறைப்பதற்கில்லை.

செவ்வாய்க்கிழமை யூரியா நூற்று அறுபத்தெட்டு. மாலை ஐந்து மணிக்கு ஞானதுரை ஈ.சி.ஜி. காகிதத்தை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். கதவைத் தட்டவில்லை.

“சார், நாடி நாப்பத்தாறு. இதப் பாருங்க, அலை ஒண்ணொண்ணும் கோபுரம் மாதிரி நிக்குது. பொட்டாசியம் ஏறியிருக்கு. எங்கேருந்து ஏறுதுன்னே தெரியல. நான் எல்லாத்தையும் நிறுத்திட்டேன், சாப்பாட்டுல உப்பு, பழம் ஒண்ணு விடாம. இப்பவே குத்தணும்.”

“யூரியா?”

“நூத்தி அறுபத்தெட்டு. யூரியாவ விடுங்க சார்.”

“இருநூறு ஆகட்டும்.”

“அவ இருநூறு ஆக மாட்டா சார். அதுக்கு முன்னாலயே நின்னுரும்.”

“கால்சியம் போடும். குளுக்கோஸ், இன்சுலின் போடும்.”

“போட்டுட்டேன். அது அஞ்சாறு மணி நேரத்துக்குத் தாங்கும். மறுபடி போடலாம். எத்தன தடவ போட? உள்ள இருக்கத வெளிய எடுக்கணும்லா? சாவியக் குடுங்க.”

ஊசிக்குழாய் செட் மூன்றும் தண்ணீர் பாட்டில்களும் என் அறை பீரோவில் இருந்தன. நான் பார்க்காமல் ஒன்றும் வெளியே போகக் கூடாது என்பது எங்கள் விதி. சாவி என் பூணூலில் இருந்தது. சாவியைப் பூணூலில் முடிந்துகொள்வது எங்கள் வீட்டு ஆண்களின் பழக்கம். என் அப்பா மளிகை வைக்கும் உக்கிராண அறைச் சாவியை அப்படித்தான் வைத்திருந்தார். சட்டைக்குள் கிடக்கும், நெஞ்சில் படும். தொலையாது.

“இது என் கேஸ் ஞானதுரை” என்றேன். “காலம்பற ரத்தம் எடுத்துப் பாத்துக்கலாம்.”

அவர் கொஞ்ச நேரம் என் சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாவி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கை வைக்க முடியாது என்றும் தெரியும். வேலூரில் இதையெல்லாம் சொல்லித் தருவதில்லை. காகிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் நேராகப் போனது சங்கிலிப்பாண்டியிடம். செண்பகவல்லியின் கணவன். ஒரு மணி நேரம் கழித்து அவன் என் அறை வாசலில் வந்து நின்றான். தோள் இரண்டும் எண்ணெயில் பளபளத்தன. அருவியிலிருந்து அப்படியே வந்திருந்தான்.

“சாமி, சின்ன டாக்டரு திருவனந்தபுரத்துக்குக் கொண்டுட்டுப் போவச் சொல்லுதாரு. அங்கன மெசின் இருக்காம். செங்கோட்டையில எங்க மச்சான் காரு வச்சிருக்கான், சொன்னா வந்துருவான். ஒம்பது பத்து மணிக்குள்ள போயிரலாங்கான். நீங்க என்ன சொல்லுதீய?”

“அவ எப்படி இருக்கா? நீ பாத்தியா?”

“பேசுதா. ஆனா வெரல் மரத்துப் போச்சுங்கா.”

“காய்ச்சல் இறங்கியிருக்கு. பேசறா. மலைப்பாதையில குலுக்கி எடுத்துண்டு போனா வழியில என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?”

அவன் யோசித்தான். அவனுடைய யோசனை நெற்றியில் தெரியும். “அப்ப வேண்டாங்கீயளா?”

“நாளைக்குக் காலம்பறவரைக்கும் ஒண்ணும் ஆகாது. நீ இங்க நின்னு என்ன பண்ணப்போறே? பொம்பளைகள் வார்டு. சீசன் முடிய இன்னும் பத்து நாள். வேலையைப் பாரு. நாளைக்கு புதன்கிழமை, நான் ஆறு மணிக்கு ஐந்தருவிக்கு வரேன். நீயே தேய்ச்சு விடு. பாப்போம் உன் கையை.”

அவன் சிரித்தான். பல் எல்லாம் தெரியச் சிரித்தான். கவலை போன முகம் எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கும் என்பதை நீங்கள் ஒவ்வொரு நாளும் பார்த்திருப்பீர்கள். “நீங்க சொன்னாச் சரி சாமி” என்றான். கையெடுத்துக் கும்பிட்டான். மச்சானின் கார் வரவில்லை.

இப்போது ஆறு பத்துக்கு வருவோம்.

ஞானதுரை வீட்டுக்குப் போன் செய்தார். என் மனைவி சாவித்ரி எடுத்தாள். நாடி முப்பத்தாறு, சாவி வேண்டும் என்றிருக்கிறார். “அவர் ஐந்தருவிக்குப் போயிருக்காரே” என்றிருக்கிறாள். இரண்டாவது சாவி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இருக்கிறது, ஆனால் அது பீரோவுக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். உண்மை. அவள் பொய் சொல்லத் தெரியாதவள். அவளிடம் நீங்கள் மறுபடி போக வேண்டாம்.

அவர் வாட்ச்மேனிடம் கடப்பாரை வாங்கி பீரோவை உடைக்க ஆரம்பித்தார். அது என் கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. நல்ல இரும்பு. ஐம்பது நிமிடம் ஆயிற்று. ஏழு மணிக்குக் குழாயை எடுத்து, ஏழு ஐந்துக்குக் குத்தி, முதல் பாட்டில் தண்ணீரை உள்ளே விட்டார். அது பாதி இறங்கியபோது, ஏழு இருபதுக்கு, இதயம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அரை மணி நேரம் அவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்ததாக நர்ஸ் சொன்னாள்.

நான் எட்டு மணிக்கு வந்தேன். கேஸ் ஷீட்டை வாங்கிப் பார்த்தேன். யூரியா நூற்று அறுபத்தெட்டு. குழாய் குத்திய நேரம் ஏழு ஐந்து. ஆரம்பித்தவர் கையெழுத்து, ஞானதுரை. இருநூறுக்குக் கீழே ஆரம்பிக்கப்பட்ட கேஸ் எல்லாம் சீக்கிரம் ஆரம்பித்த கேஸ். அதுதான் விதி, அவரும் ஒப்புக்கொண்ட விதி. செண்பகவல்லி என் பக்கத்திலிருந்து அவர் பக்கத்துக்குப் போனாள். அவர் கணக்கு ஏழு பேர், ஐந்து சாவு. என்னுடையது இருபத்துநான்கு பேர், பதினேழு பேர் பிழைத்தார்கள். இருபத்தைந்து கிடைக்கவில்லை. பரவாயில்லை.

பத்தொன்பதாம் தேதி படித்தேன். கண் டாக்டர் முன் வரிசையில் இருந்தார். முடிந்ததும் மேடைக்கு வந்து, இளைஞர்களுக்கு நிதானம் வேண்டும் என்று என்னைப் பாராட்டிப் பேசியவர் நீங்கள்தான். ஞாபகம் இருக்கும்.

ஞானதுரையின் புகாரில் மூன்று பக்கம் இருக்கிறது. நான் சாவியை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன், அலட்சியம் என்று எழுதியிருக்கிறார். அலட்சியம் என்ற வார்த்தையை அடித்துவிடுங்கள். எனக்கு அது பொருந்தாது. நான் என் வேலையில் ஒரு நாளும் அலட்சியமாக இருந்ததில்லை. இளநீர் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த ஈ.சி.ஜி. காகிதம் என்ன சொல்கிறது என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். விடியும் வரை தாங்கினால் அதிகம் என்று செவ்வாய்க்கிழமை மாலையே தெரியும். பிழைத்தால் என் பக்கம், ஞானதுரை பூட்டை உடைத்தால் அவர் பக்கம் என்பதும் தெரியும். அவர் உடைப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவர் அப்படிப்பட்டவர். எல்லாம் தெரிந்துதான் ஐந்தரைக்குக் காரை எடுத்தேன். கொலை என்று எழுத உங்களுக்குத் தைரியம் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முறை சரி. இருநூறு சரி. ஒரு பெண்ணை வைத்து அது தவறு என்று சொல்ல முடியாது. அதிலும் அவள் என் கணக்கிலேயே இல்லை.

நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டீர்களே தவிர, யாரோடு என்று கேட்கவில்லை.

ஐந்தருவியில் அன்று நல்ல தண்ணீர். சாரல் விழுந்துகொண்டிருந்தது. நான் சட்டையைக் கழற்றித் திட்டில் உட்கார்ந்தேன். சங்கிலிப்பாண்டி எனக்காகவே எண்ணெயைக் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தான். நல்ல கை. முதுகிலிருந்து ஆரம்பித்தான். பக்கத்துத் திட்டில் ஒரு செட்டியாரைத் தேய்த்துக்கொண்டிருந்த சேக் தாவூது அவனைச் சீண்டினான்.

“ஏலே சங்கிலி, என்னல தடவிக் குடுக்க? பூனையா அது? டாக்டரு முதுகுல, நல்லா அமுக்குல. நாளைக்கு ஒனக்கு ஊசி போடும்போது அவரு தடவியா குடுப்பாரு?”

“நீ போ பாய். இது நம்ம சாமி” என்றான் சங்கிலிப்பாண்டி. பிறகு என் காதருகே குனிந்து, குரலைத் தணித்துச் சொன்னான்: “ராத்திரி நான் தூங்குனேன் சாமி. அஞ்சு நாளுக்கு அப்புறம் நேத்துதான். நீங்க ஒண்ணும் ஆகாதுன்னியள்லா, அதுல.”

நான் மணியைப் பார்த்தேன். ஆறு பத்து. கடிகாரத்தைக் கழற்றித் துண்டில் சுற்றி வைத்தேன். அவன் தோளை முடித்து, முன்பக்கம் வந்து, நெஞ்சில் எண்ணெய் வைக்கப் போனவன் கையை நிறுத்தினான். பூணூலை இரண்டு விரலால், மரியாதையாக, ஒதுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“சாமி, இதுல ஒரு சாவி கெடக்கே. எண்ண பட்டு, தண்ணி பட்டு, துரு ஏறிரும்லா. கழத்தித் தாங்க, நான் வச்சிருக்கட்டா?”